பியானோவுக்கு அடியிலிருந்து கேட்ட பாட்டு

எனக்குப் பொய் சொல்ல வராது. ஆனால் யாராவது என்னைப் பற்றி உயர்வாக ஒரு தப்பை நம்பிக்கொண்டிருந்தால், அதைத் திருத்தவும் வராது. இந்த இரண்டாவது குணத்தால்தான், ஒரு மாலை நேரம், ஒரு அரங்கம் நிறைய ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்க, நான் பியானோவுக்கு அடியில் தவழ்ந்து போக வேண்டியதாயிற்று.

அந்தத் தப்பு இதுதான்: மேல்நாட்டு சங்கீதத்தின் குறியீடுகளை எனக்கு வாசிக்கத் தெரியும் என்று எங்கள் குடும்பம் நம்பியது.

அதற்குக் காரணம் அப்பா. திருவனந்தபுரம் ஆரியசாலையில் எங்களுக்கு மொத்த வியாபாரம்; வற்றல் மிளகாய், மல்லி, புளி. எனக்குப் பன்னிரண்டு வயதானபோது அப்பா என்னைக் கரமனையில் ஒரு கீபோர்டு வகுப்பில் சேர்த்துவிட்டார். ஏழு மாதம் போனேன். வெள்ளைக் கட்டைகளைவிடக் கறுப்புக் கட்டைகள் எண்ணிக்கையில் குறைவு என்பதை அந்த ஏழு மாதத்தில் உறுதியாகக் கற்றுக்கொண்டேன். ஆண்டுவிழாவில், 'கலந்துகொண்டார்' என்று எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். அப்பா அதற்குக் கண்ணாடி போட்டு, கடையில் மிளகாய் மூட்டைகளுக்கு மேலே மாட்டினார். வருகிற வியாபாரிகளிடமெல்லாம், "எங்க மோனாக்கும். இங்கிலீஷ் சங்கீதம் பூரா படிச்சிட்டான்" என்பார். மிளகாய் நெடியில் அவர்களுக்குக் கண் கலங்கும். அப்பா அதை வேறு மாதிரி எடுத்துக்கொள்வார்.

நான் ஒரு நாளும் மறுக்கவில்லை. (மறுத்தால் சான்றிதழ் போட்ட ஆணிக்கு என்ன பதில் சொல்வது?)

அதற்குப் பிறகு பன்னிரண்டு வருடம். நான் கழக்கூட்டத்தில் ஒரு மென்பொருள் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். என் அக்கா உமா ஒரு கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்துக்கொண்டிருந்தாள். ஊரில் ஒரு சிறிய இசை மன்றம் இருந்தது. அவளை அந்த வருடம் அதன் செயலாளர் ஆக்கியிருந்தார்கள். அவள் பொறுப்பேற்று நடத்தப்போகும் முதல் நிகழ்ச்சி என்னவாக இருக்கும் என்று மன்றத்தின் மூத்தவர்கள் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார்கள்.

அப்போதுதான் காபோரும் இலோனாவும் வந்தார்கள். கணவன், மனைவி, இருவரும் ஹங்கேரியில் ஆப்பெரா பாடகர்கள். இலோனாவின் முட்டிவலிக்கு ஆயுர்வேத சிகிச்சைக்காக விழிஞ்ஞம் பக்கத்தில் ஆறு வாரம் தங்கியிருந்தார்கள். அக்கா நேரில் போய்ப் பேசி, ஒரு மாலை பாடுவதற்குச் சம்மதிக்க வைத்துவிட்டாள். ஆப்பெரா வேண்டாம், எல்லாருக்கும் பிடிக்கிற பிராட்வே இசை நாடகப் பாட்டுகளைப் பாடுகிறோம் என்று அவர்களே சொன்னார்களாம்.

"பிராட்வேன்னா என்னவாக்கும்?" என்று அப்பா கேட்டார்.

"நியூயார்க்கில ஒரு தெரு அப்பா. நெறைய நாடகக் கொட்டகை உண்டு. பாட்டும் கதையுமா இருக்கும். மைக் வச்சு, பேசுத மாதிரியே பாடுவாங்க."

"அப்போ ஆப்பெரா?"

"அதுக்கு மைக் கிடையாது. தொண்டைதான். கடைசி வரிசை வரைக்கும் கேக்கணும்."

அப்பா யோசித்தார். "அப்போ பெரிய வித்துவான் டிராமா பாட்டு பாடுத மாதிரியா?"

"அதேதான்."

"நல்லாத்தான் இருக்கும்" என்றார் அப்பா. "குரல் இருக்கவன் எதைப் பாடுனா என்ன?"

பியானோ வாசிக்க சூசம்மா டீச்சர் ஒப்புக்கொண்டார். அறுபது வயது தாண்டியவர். நாற்பது வருடமாகத் தேவாலயத்தில் வாசிக்கிறவர். ஞாயிற்றுக்கிழமைப் பாட்டுகள், கல்யாணம், அடக்கம். இவற்றைத் தவிர வேறு எதற்கும் அவரை யாரும் கூப்பிட்டதில்லை. இசைக் குறியீட்டுத் தாள் கையில் வந்ததிலிருந்து மூன்று வாரமும் வீட்டில் வேறு வேலையே பார்க்கவில்லை என்று அக்கா சொன்னாள். எல்லாம் சரி, ஆனால் பக்கம் திருப்ப ஓர் ஆள் வேண்டும். வாசிக்கிறவருக்கு இரண்டு கையும் வேலையாக இருக்கும். பக்கத்தில் ஒருவர் நின்று, தாளில் பாட்டு எங்கே போகிறது என்று பின்தொடர்ந்து, சரியான நொடியில் திருப்ப வேண்டும். (இப்போதெல்லாம் காலால் ஒரு மிதி மிதித்தால் திரையில் பக்கம் தானே மாறுகிறதாம். என் இனத்துக்கு அதோடு விடுதலை.)

"லேய் சிவா, நீ இருக்கியேடே!" என்றாள் அக்கா, புதையல் கிடைத்ததுபோல.

அந்த நொடியில் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாயைக்கூடத் திறந்தேன். ஆனால் அப்பா சாப்பாட்டு மேசையின் அந்தப் பக்கத்திலிருந்து என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் பன்னிரண்டு வருடப் பெருமை இருந்தது.

"அதுக்கென்ன, செய்துட்டாப் போச்சு" என்றேன்.

ஒரு வாரம் இணையத்தில் குறியீடுகளைப் படித்தேன். ஐந்து கோடுகள், அவற்றில் காக்கை உட்கார்ந்ததுபோலப் புள்ளிகள். மெதுவாகப் போகும் பாட்டில் ஓரளவு பின்தொடர முடிந்தது. வேகம் கூடினால் எல்லாக் காக்கைகளும் ஒன்றாகப் பறந்துவிடும்.

நிகழ்ச்சியன்று மதியம் ஒத்திகை. அரங்கில் எந்தக் காலத்திலோ யாரோ கொடுத்துவிட்டுப் போன மூன்று கால் பெரிய பியானோ ஒன்று உண்டு. டீச்சர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, வெறுங்காலுடன் உட்கார்ந்தார். நாகர்கோவிலில் நாலு வருடம் வேலை பார்த்தவர் என்பதால் என்னிடம் பேசும்போது தமிழையும் மலையாளத்தையும் கலந்து பேசுவார்.

"மோனே, பேடிக்கண்டா. நான் தலையாட்டும்போ மறிச்சா மதி."

பயப்பட வேண்டாம், அவர் தலையாட்டும்போது நான் பக்கத்தைத் திருப்பினால் போதும். எனக்கு உயிர் வந்தது. குறியீடு தெரிய வேண்டியதே இல்லை. தலையைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும். ஒத்திகையில் அடிக்கடி நிறுத்தி நிறுத்தி வாசித்ததால் என் வண்டவாளமும் வெளியே வரவில்லை.

அன்று ஒத்திகையில் வேறொருவர்தான் தோற்றார். ஒலிபெருக்கிக்காரர் இரண்டு மைக்குகளை அழகாக நிறுத்தி வைத்துவிட்டு, "மேடம், ஒரு லைன் பாடணும்" என்றார். இலோனா ஒல்லியான, சின்ன உருவம், ஊன்றுகோலோடு நின்றிருந்தார். வாயைத் திறந்து ஒரே ஒரு ஸ்வரம் பிடித்தார். மேலே பரண் பக்கமிருந்து இரண்டு புறாக்கள் கிளம்பி ஜன்னல் வழியாக வெளியே போயின. ஒலிபெருக்கிக்காரர் தன் கருவியின் சிவப்பு விளக்கைப் பார்த்தார், அந்த அம்மாவைப் பார்த்தார், மைக் கம்பியைச் சுருட்ட ஆரம்பித்தார்.

ஒத்திகையின் கடைசியில் ஒரு டூயட். பழைய நாடகமொன்றில் வருவது. படகுத்துறையில் சீட்டு விற்கும் ஒரு பெண். மறுநாள் கப்பலேறிப் போகப்போகும் ஒருவன். இருவருக்கும் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது. ஆனால் பாட்டு முழுக்க வானிலையைப் பற்றி மட்டும் பேசிக்கொள்வார்கள். காற்று திரும்பிவிட்டது, மேகம் வருகிறது, குடை கொண்டுவந்தாயா. அவ்வளவுதான். அவர்கள் பாடி முடித்த பிறகு, பியானோ மட்டும் தனியாக இரண்டு பக்கம் வாசிக்க வேண்டும். அதுதான் மழை. முதலில் ஒன்றிரண்டு சொட்டு, பிறகு பெய்யும், பிறகு ஓயும். ஒத்திகையில் நேரமாகிவிட்டதால் அந்த இரண்டு பக்கத்தையும் விட்டுவிட்டார்கள்.

"அது ராத்திரியும் பகலும் வாசிச்சு வச்சிருக்கேன்" என்றார் டீச்சர். "வைகுந்நேரம் கேட்டாப் போரே?"

சாயங்காலம் கேட்கலாம் என்று எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள்.

ஆறு மணிக்கு அரங்கம் நிறைந்தது. அப்பா கடையை ஒரு மணி நேரம் முன்னதாகவே அடைத்துவிட்டு வந்திருந்தார். தனியாக வரவில்லை. ஆரியசாலையிலிருந்து ஏழு மொத்த வியாபாரிகளை, வெள்ளை வேட்டியும் தோளில் நேரியலுமாக, முதல் வரிசையில் உட்கார வைத்திருந்தார். பாடகர்கள் மேடைக்கு வந்ததும் கைதட்டல். அடுத்து டீச்சர் வந்தார். கடைசியாக நான் வந்து டீச்சரின் இடப்பக்கம் நின்றேன். முதல் வரிசையிலிருந்து தனியாக ஒரு கைதட்டல் கேட்டது. யார் என்று நான் பார்க்கவில்லை.

முதல் பாட்டிலேயே ஒரு விஷயம் புரிந்தது. டீச்சர் தாளத்துக்கெல்லாம் தலையாட்டுவார். ஒத்திகையில் நிறுத்தி நிறுத்தி வாசித்தபோது இது தெரியவில்லை. இப்போது ஒவ்வோர் அடிக்கும் தலை மேலும் கீழும் போய் வந்தது. காபோர் ஆறடி உயரம். அவர் குரல் அரங்கத்தின் சுவரைத் தொட்டுத் திரும்பிவர, டீச்சருக்கு உற்சாகம் கூடி, தலையும் கூடியது. இதில் எந்த ஆட்டம் எனக்கு, எந்த ஆட்டம் பாட்டுக்கு?

முதல் தலையாட்டலுக்கே திருப்பினேன். டீச்சர் வலது கையால் வாசித்துக்கொண்டே இடது கையால் அதை நிதானமாகப் பழைய பக்கத்துக்கே கொண்டுவந்தார். அடுத்த முறை, ஏமாறக் கூடாது என்று உறுதியாக நின்றேன். அவர் மூன்று தடவை அழுத்தமாகத் தலையாட்டினார். ரசிக்கிறார் போலிருக்கிறது என்று நானும் மரியாதைக்குத் திரும்பத் தலையாட்டினேன். அவரே சட்டென்று திருப்பிக்கொண்டார்.

இப்படியே ஏழு பாட்டு. சிலது மெதுவான பாட்டு, அதில் தப்பித்தேன். சிலதில் டீச்சர் தப்பித்தார். கேட்பவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை, ஏனென்றால் யாரும் பியானோ பக்கம் பார்க்கவில்லை. அந்த இருவரும் அப்படிப் பாடினார்கள். புளி மொத்த வியாபாரி மாணிக்கம் அண்ணாச்சி வாயைத் திறந்தபடி இருந்தார். எந்த வார்த்தையும் புரிந்திருக்காது; ஆனாலும் கிண்டல் பாட்டுக்குச் சிரித்தார், சோகப் பாட்டுக்கு நேரியலால் முகத்தைத் துடைத்தார்.

கடைசியாக அந்த டூயட். இலோனா ஊன்றுகோலை ஓரமாகச் சாய்த்து வைத்துவிட்டுக் காபோரின் தோளைப் பிடித்துக்கொண்டார். மெல்ல ஆரம்பித்தார். காற்று திரும்பிவிட்டது. அவ்வளவு பெரிய குரலை அந்த அம்மா உள்ளங்கையில் அடக்கிவைத்ததுபோலப் பாடினார். நான் கட்டைவிரலும் சுட்டுவிரலும் வியர்க்க, தாளின் மூலையைப் பிடித்துத் தயாராக நின்றேன்.

டீச்சர் தலையாட்டினார். சந்தேகம். இன்னொரு முறை ஆட்டினார். அப்போதும் சந்தேகம். பல்லைக் கடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "மறிக்கு!"

மறித்தல் என்றால் மலையாளத்தில் புரட்டுதல். பிறந்தது முதல் கேட்கிற வார்த்தை. ஆனால் அந்தப் பதற்றத்தில் எனக்கு வல்லின றகரம் காதில் விழவில்லை. "மரி" என்றுதான் கேட்டது. நியாயமான கோரிக்கை என்றும் தோன்றியது.

மறு நொடி புரிந்து, திருப்பினேன். வியர்வை விரலோடு ஒட்டிக்கொண்டு இரண்டு தாள்கள் ஒன்றாகப் போயின.

டீச்சர் என்னை நம்பி, கண்ணுக்கு எதிரே வந்த பக்கத்தை வாசித்தார். இலோனா மேகத்தைப் பற்றிப் பாடிக்கொண்டிருக்க, பியானோவில் திடீரென்று மழை சொட்டத் தொடங்கியது. இலோனாவின் புருவம் மட்டும் உயர்ந்தது. டீச்சர் திடுக்கிட்டுக் கையை நீட்டினார். உதவி செய்யலாம் என்று நானும் நீட்டினேன். இரண்டு கையும் மோதின. புத்தகம் சரிந்து கட்டைகளின் மேல் விழுந்தது. தடார் என்று ஒரு முழக்கம். (இடி என்று நினைத்தார்களாம் சிலர். வானிலைப் பாட்டுதானே.) அங்கிருந்து தரையில் விழுந்ததைப் பிடிக்கப்போன நான், என் காலாலேயே அதைப் பியானோவுக்கு அடியில் உதைத்துத் தள்ளினேன்.

உள்ளே நுழைவதைத் தவிர வேறு வழி தெரியவில்லை. சபைக்குப் பின்பக்கத்தைக் காட்டிக்கொண்டு தவழ்ந்து போனேன்.

உள்ளே இருட்டும் தூசியும். புத்தகம் கிடைத்தது, ஆனால் சுருள்கம்பி கழன்று பாதித் தாள்கள் தனியாகிவிட்டன. வரிசையாக அடுக்க எனக்குத்தான் தெரியாதே. முழுசாக அள்ளி, டீச்சரின் முழங்கால் பக்கமாக மேலே நீட்டினேன். வெறுங்கால் ஒன்று வந்து என் தோளை மெல்ல, ஆனால் தீர்மானமாக, உள்ளே தள்ளியது. அங்கேயே இரு என்று அர்த்தம்.

அப்போதுதான் கவனித்தேன். பாட்டு நிற்கவில்லை. பியானோ இல்லாமல், மைக் இல்லாமல், இருவரும் பாடிக்கொண்டிருந்தார்கள். காபோரின் குரல் கீழே பலகையைப்போல விரிந்து கிடந்தது. அதன்மேல் இலோனாவின் குரல் நடந்து போனது. குடை கொண்டுவந்தாயா என்று அவர் கேட்டபோது, மேலே பியானோவின் தந்திகள் தாமாகவே மெலிதாக அதிர்ந்தன. யாரும் தொடவில்லை. எனக்கு மட்டும்தான் அது கேட்டிருக்கும். இவ்வளவு மோசமாக நடந்துகொண்ட ஒருவனுக்கு இவ்வளவு நல்ல இடம் கொடுத்திருக்கக் கூடாது.

என் கண்ணுக்கு எதிரே டீச்சரின் கால்கள். வலது கால் பெடலின்மேல், வாசிக்கத் தயாராக இருந்தது. கொஞ்ச நேரம் காத்திருந்தது. பிறகு அது பெடலை விட்டு இறங்கி, மற்றக் காலோடு சேர்ந்து, வகுப்புக்கு வெளியே நிறுத்தப்பட்ட பிள்ளையின் கால்போல ஒட்டி நின்றது.

பாட்டு முடிந்தது. மழை இல்லை. கைதட்டல், நாற்காலிகள் தள்ளப்படும் சத்தம், எல்லாரும் எழுந்து நிற்கிறார்கள். நான் தாள்களோடு வெளியே வந்தபோது கைதட்டல் இன்னும் கூடியது. காபோர் என்னைப் பார்த்துத் தலை குனிந்து வணங்கினார். முதல் வரிசையில் அப்பா பக்கத்து வியாபாரியின் காதில் கத்தினார்: "எங்க மோனாக்கும்! அடியில போனதும் டிராமாவுல ஒரு சீனு கேட்டேரா, சீனு!"

அக்கா நன்றி சொல்ல வந்தாள். எல்லாருக்கும் பெயர் சொல்லி நன்றி சொன்னாள். என் பெயர் வரவில்லை. அது அவள் எனக்குச் செய்த உதவி.

எல்லாரும் பழம்பொரிக்கும் (வாழைப்பழ பஜ்ஜிதான்) தேநீருக்கும் வராந்தாவுக்குப் போய்விட்டார்கள். டீச்சர் மட்டும் பியானோ முன்னாலேயே உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடியைக் கூட்டில் போட்டுக்கொண்டிருந்தார்.

"டீச்சர்," என்றேன். "எனக்கு நோட்ஸ் வாசிக்கத் தெரியாது."

"அறியாம், எனக்குத் தெரியும்" என்றார் அவர். "மதியம் ரிகர்சல்லயே அறிஞ்சு. நீ தாளைப் பார்க்கல்லா, என் தலையை மட்டும் பார்த்தே."

"அப்போ ஏன் என்னைப் பக்கத்துல நிக்க வச்சீங்க?"

"உமா எவ்வளவு பாடுபட்டு வச்ச புரோகிராம்? வேற ஆளுக்கு அந்நேரம் எங்கே போகும்?" கண்ணாடிக் கூட்டை மூடினார். "சாரமில்ல மோனே. அவங்க ரெண்டு பேரும் நல்லாப் பாடிட்டாங்க. அது மதி."

திட்டியிருந்தால் நின்று வாங்கிக்கொண்டிருப்பேன். 'சாரமில்ல' என்றதைத்தான் தாங்க முடியவில்லை. பரவாயில்லை என்று அவர் சொன்ன அந்தக் குரலில் பரவாயில்லாதது எல்லாம் இருந்தது.

நேராக வராந்தாவுக்குப் போனேன். இலோனா ஒரு கையில் ஊன்றுகோலும் மறு கையில் பழம்பொரியுமாக நின்றிருந்தார். என் ஆங்கிலம் அலுவலக மின்னஞ்சலுக்கு மட்டும் பழகியது. அதிலேயே சொன்னேன்: தவறு என்னுடையது; எனக்குக் குறியீடு தெரியாது, தெரியும் என்று எல்லாரையும் நம்பவிட்டேன்; டீச்சர் மூன்று வாரம் மழை வாசித்துப் பழகினார்; அதை யாரும் கேட்கவில்லை. தயவுசெய்து இன்னொரு முறை பாட முடியுமா?

சொல்லி முடித்த பிறகுதான் பின்னால் அப்பாவும் ஏழு வியாபாரிகளும் நிற்பதைப் பார்த்தேன். அப்பாவுக்கு அவ்வளவு ஆங்கிலம் புரியும்.

இலோனா பழம்பொரியைக் காபோர் கையில் கொடுத்தார். அவர் அதை ஒரே வாயில் போட்டுக்கொண்டு, "வாருங்கள்" என்பதுபோல அரங்கத்தைக் காட்டினார்.

டீச்சர் முதலில் வேண்டாம் என்றார். பிறகு கண்ணாடிக் கூட்டைத் திறந்தார். சிதறிய தாள்களை அவரும் அக்காவும் வரிசையாக அடுக்கினார்கள். நான் ஒதுங்கி நின்றேன்.

"நீ எவிடே போறே?" என்றார் டீச்சர். "இங்கே வா. தலையைப் பார்க்கண்டா. நான் வாயாலே சொல்லும்."

அப்படியே செய்தார். பாட்டுக்கு நடுவே, பிள்ளைகளுக்கு டிக்டேஷன் போடுகிற குரலில், "இப்போ!" என்றார். திருப்பினேன். இலோனா சிரிப்பை அடக்கிக்கொண்டு பாடினார். மறுபடி "இப்போ!" என்றார். நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தவர்கள் மடக்கியதைக் கையிலேயே பிடித்தபடி நின்றார்கள். வராந்தாவிலிருந்து தேநீர்க் கோப்பையும் கையுமாக ஒவ்வொருவராக உள்ளே வந்தார்கள். கடைசி "இப்போ" சொல்லும்போது பாடகர்கள் முடித்திருந்தார்கள். டீச்சரின் கால் பெடலில் இறங்கியது. முதல் சொட்டு விழுந்தது.

அந்த இரண்டு பக்கத்தைப் பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை. வாசித்து முடித்து டீச்சர் கையை மடியில் வைத்த பிறகும், மாணிக்கம் அண்ணாச்சி ஒரு முறை மேலே கூரையைப் பார்த்தார். அதைவிடப் பெரிய விமர்சனம் எனக்கு எழுதத் தெரியாது.

வீட்டுக்கு ஆட்டோவில் திரும்பினோம். கிள்ளிப்பாலம் தாண்டியதும் அப்பா கேட்டார்: "அப்போ அந்த ஏழு மாசம் என்னடே செய்தே?"

"கலந்துகிட்டேன் அப்பா."

அப்பா சிரிக்க ஆரம்பித்தவர், வீட்டு வாசலில் இறங்கும்வரை நிறுத்தவில்லை. ஆட்டோக்காரர் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

டீச்சர் அடுத்த வருடமும் கிறிஸ்துமஸ் பாட்டுக்கு என்னைத்தான் பக்கம் திருப்பக் கூப்பிட்டார். குறியீடு தெரிந்த ஆள் என்றால் தன் கவனம் குறைந்துவிடும். நீ என்றால் முழு நேரமும் விழித்திருப்பேன் என்று காரணம் சொன்னார். தேவாலயத்தில் அவருடைய "இப்போ" இப்போதும் மூன்றாவது வரிசைவரை கேட்கும்.

எங்கள் வீட்டில் ஒரு புது வழக்கமும் வந்துவிட்டது. யாராவது ஒரு வேலையைச் சொதப்பிவிட்டு ஆள் அகப்படாமல் இருந்தால், "பியானோவுக்கு அடியில போயாச்சு" என்போம். என் மனைவி கல்யாணமாகி வந்த முதல் மாதமே இதைக் கற்றுக்கொண்டாள். போன மாதம் கல்லாறு என்ற ஊரில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் ஒருவருக்கு மல்லி அனுப்ப வேண்டிய இடத்தில் இரண்டு மூட்டை மிளகாய் போய்விட்டது. கடைக்காரர் காலையிலிருந்து அப்பாவின் கைப்பேசிக்கு அழைத்துக்கொண்டே இருந்தார். அப்பா அதைப் பூஜையறையில் வைத்துவிட்டு மொட்டைமாடிக்குப் போய்விட்டார். கடைசியில், தாத்தாவை அச்சாச்சன் என்று கூப்பிடும் என் ஐந்து வயது மகள் எடுத்துப் பேசினாள்.

"அச்சாச்சன் பியானோக்கு அடியில இருக்கு" என்றாள். "பாட்டு முடிஞ்சா வரும்."